குளிரைப் பொட்டலம் கட்டுவது

டிரான்ஸ்-2-நோனெனால். வாயில் நுழையாத இந்தப் பெயருக்குரிய மூலக்கூறு, ஒரு லிட்டர் பீரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். நனைந்த அட்டையின் வாசனை அதற்கு. அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்த பீரில் அட்டை வாடை அடித்தால் யாருக்கும் பெட்டியின் மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் அலுமினிய டின்னைத் துளைத்துக்கொண்டு எந்த வாசனையும் உள்ளே போய்விடாது. மால்ட்டிலிருந்து பீருக்குள் வந்த கொழுப்புப் பொருள்கள் சிதைந்ததில் பிறந்தது அந்த வாடை. அதை வெளியே கொண்டுவந்தது வெப்பம். பெட்டி செய்த குற்றம், அந்த வெப்பத்தை உள்ளே விட்டது மட்டுமே.

பீர் வடிப்பவர்களிடம் 3-30-300 என்றொரு வாய்ப்பாடு உண்டு. 32 டிகிரி செல்சியஸில் 3 நாள் கிடந்த பீரும், 22 டிகிரியில் 30 நாள் இருந்த பீரும், 3 டிகிரியில் 300 நாள் இருந்த பீரும் ஒரே அளவு கெட்டிருக்கும் என்பது கணக்கு. வேதியியல்படி இது மிகை. 10 டிகிரி ஏறினால் வினைகளின் வேகம் பொதுவாக இரண்டு, மூன்று மடங்காகும், பத்து மடங்கு ஆகாது. இருந்தாலும் ஆலைக்காரர்களுக்கு வெயில் மேல் எவ்வளவு பயம் என்பதை இந்த வாய்ப்பாடு காட்டிவிடுகிறது.

பெரிய நிறுவனங்களின் பீர் வடிகட்டப்பட்டு, சூடாக்கிக் கிருமி நீக்கப்பட்டு வருவதால் ஓரளவு தாங்கும். கிராஃப்ட் பீர் என்னும் சிற்றாலைச் சரக்கு அப்படியில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தி ஆல்கமிஸ்ட் என்ற சிற்றாலை தயாரிக்கும் ஹெடி டாப்பர் இந்த வகையில் பேர்போனது. வடிகட்டாமல், பாஸ்ச்சரைஸ் செய்யாமல், ஹாப்ஸ் பூவின் எண்ணெய் வாசம் குறையாமல் டின்னில் அடைக்கிறார்கள். குளிரிலேயே வைக்கும்படி சொல்லியும் விடுகிறார்கள். அந்த வாசனை எண்ணெய்கள்தான் வெப்பத்தில் முதலில் பலியாகும். பழச்சாறு சேர்த்த பீர்களில் ஆபத்து இன்னும் கூடுதல். உயிரோடு இருக்கும் ஈஸ்ட், பெட்டி சூடானதும் விழித்துக்கொண்டு மீதமிருக்கும் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். வாயு பெருகும், டின் வெடிக்கும். இந்தச் சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோகும் கூரியர் வேன்களில் பெரும்பாலும் குளிர்சாதனம் கிடையாது. கோடை நண்பகலில் மூடிய வேனுக்குள் 40 டிகிரி சாதாரணம்.

சரி, நன்றாகச் சுற்றி அனுப்பினால் போதாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 473 மில்லி டின்கள் 12, மொத்தம் 5.7 லிட்டர். அவற்றைச் சுற்றி 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள தெர்மாகோல் சுவர். வெளியே 30 டிகிரி, உள்ளே 5 டிகிரி. சுவர் வழியாக உள்ளே நுழையும் வெப்பம் ஏறக்குறைய 10 வாட். ஒரு சின்ன எல்.இ.டி. பல்புக்குப் போகும் மின்சாரம் அவ்வளவுதான் இருக்கும். ஆனால் அது ராத்திரி பகல் பார்க்காமல் நுழைந்துகொண்டே இருக்கிறது. ஐஸ் எதுவும் வைக்காவிட்டால் 16 மணி நேரத்தில் பீர் 21 டிகிரிக்கு வந்துவிடும். தடுக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 2.6 கிலோ ஐஸ் தேவை. இரண்டு நாள் பயணம் என்றால் பீரின் எடைக்குக் கிட்டத்தட்ட சரிக்குச் சரி ஐஸ். இதை முதல்முறை போட்டுப் பார்ப்பவர்கள் எங்கோ தசமப் புள்ளி தவறிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

குளிர் என்று அனுப்புவதற்கு ஒரு பொருள் கிடையாது. வெப்பம் வந்து சேருவதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான் முடியும். தள்ளிப்போடும் வேலையைத் தெர்மாகோலில் செய்வது பிளாஸ்டிக்கும் இல்லை. தெர்மாகோலின் கன அளவில் 98 விழுக்காடு காற்று. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் வெறும் சிறைச்சுவர். காற்று நகரவிடாமல் அது பிடித்து வைத்திருக்கிறது. அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. அதன் வெப்பக் கடத்துதிறன் 0.026, தெர்மாகோலுக்குச் சுமார் 0.035. செம்மறி ரோமத்துக்கும் ஏறக்குறைய அதே எண்தான். செடிச் சக்கையில் பூஞ்சையை வளர்த்துச் செய்யும் காளான் இழைப் பலகை 0.04-ஐ ஒட்டி வரும். (இவையெல்லாம் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற அளவில்.) காற்றைப் பிடித்து வைக்கத் தெரிந்த எதுவும் இந்த வட்டாரத்துக்குள்தான் நிற்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் மக்காமல் கிடக்கும் ஒரு பொருளை இரண்டு நாள் வேலைக்குப் பயன்படுத்துவதற்கு இயற்பியலில் எந்தக் கட்டாயமும் இல்லை என்பதே இந்த எண்கள் சொல்லும் சேதி.

1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸ்கட்டிகளோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. அனுப்பியவர் ஃபிரெடெரிக் டியூடர். மாசசூசெட்ஸ் ஏரிகளில் பனிக்காலத்தில் உறையும் ஐஸை அறுத்து வெப்ப நாடுகளில் விற்றவர் அவர். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி நான்கு மாதம் கழித்துக் கப்பல் போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. அந்த வியாபாரத்தில் வெப்பத்தைத் தடுத்தவை மரத்தூள், வைக்கோல், மரப்பட்டைத் தூள். மரம் அறுக்கும் ஆலைகள் அள்ளிக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்த குப்பை அது. 1840களில் சென்னைக் கடற்கரையில் டியூடர் கம்பெனி கட்டிய ஐஸ் கிடங்குதான் பிற்பாடு விவேகானந்தர் இல்லம் ஆனது. ஐஸ் ஹவுஸ் என்று பேருந்தில் டிக்கெட் கேட்கிறவர்கள், பிளாஸ்டிக் பிறப்பதற்கு முந்தைய குளிர்ச் சங்கிலி ஒன்றின் கடைசிக் கண்ணியைத்தான் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

இப்போது அது போன்ற குப்பைக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. இந்த முறை பூஞ்சையின் துணையோடு. நியூயார்க் மாநிலத்தில் ஈபன் பேயர், கேவின் மெக்கின்டயர் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள் 2007-இல் ஈகோவேட்டிவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் முறையில் ஹெம்ப் செடியின் (போதையில்லாத கஞ்சா வகை) தண்டுச் சக்கையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, சுத்தம் செய்து, ஈரப்படுத்தி, பூஞ்சை இழையைக் கலந்து அச்சில் நிரப்புகிறார்கள். அதன் பிறகு மனிதருக்கு அதிக வேலை இல்லை. பூஞ்சை சக்கையைத் தின்றுகொண்டே இழை விடுகிறது. முடியைவிட மெல்லிய அந்த இழைகள் துண்டுக்குத் துண்டு பாலம் போட்டு, ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் கட்டி இறுக்கிவிடும். அச்சிலிருந்து எடுக்கும்போது மேல்தோல் வெள்ளையாக, கை பட்டால் மெத்தென்று இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே பழுப்புத் துண்டுகளும், அவற்றை வளைத்துப் பிடித்த வெள்ளை இழைகளும், நடுவே காற்றும். கடைசியில் சூடாக்கி உலர்த்திப் பூஞ்சையைக் கொன்றுவிடுகிறார்கள். குடையாகக் காளான் முளைக்கும் கட்டத்துக்கு அது வருவதே இல்லை. எனவே வித்துத் தூள் பறக்கும் பயமும் இல்லை. வேலை முடிந்த பெட்டியை நொறுக்கித் தோட்டத்தில் போட்டால் சில வாரங்களில் மண்ணோடு மண்ணாகும்.

பீர் ஆலையிலேயே சக்கைக்குப் பஞ்சமில்லையே என்று தோன்றும். 100 லிட்டர் பீர் வடித்தால் சுமார் 20 கிலோ ஈரத் தானியச் சக்கை மிஞ்சும். அதைப் பூஞ்சைக்குத் தீனியாகப் போட்டு ஆய்வகங்களில் பலகையும் வளர்த்திருக்கிறார்கள். பீரின் மிச்சத்தாலேயே பீருக்குப் பெட்டி என்பது கேட்க அழகுதான். எனக்கு இதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. ஈரச் சக்கை ஓரிரு நாளில் புளித்து நாறும். உலர்த்தவோ எரிபொருள் வேண்டும். பக்கத்துப் பண்ணை மாடுகள் அதை அப்படியே சந்தோஷமாகத் தின்கின்றன.

இயற்கைப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொது எதிரி தண்ணீர். குளிர்ந்த டின்மேல் வியர்க்கும் ஈரம் இழைகளுக்கு நடுவே புகுந்து காற்றை வெளியேற்றிவிடும். தண்ணீரின் வெப்பக் கடத்துதிறன் 0.6, அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல். நனைந்த மரத்தூள் பாதுகாப்பில்லை, பாதை. சோளமாவு நுரைப் பலகைகளுக்கு இதில் கூடுதல் சங்கடம். கழுவும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தால் கரைந்துவிடும் என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். பெட்டிக்குள் ஐஸ் பை ஒழுகினாலும் கரையுமே! அதனால் அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறை போட வேண்டியிருக்கிறது. தெர்மாகோல் சந்தையைப் பிடித்ததற்கு இந்த நனையாத குணம்தான் பெரிய காரணம்.

ரோமம் மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நாருக்குள்ளேயே இழுத்துக்கொண்டு, தொட்டால் உலர்ந்தே தெரியும். கம்பளி போர்த்தினால் ஐஸ் உருகிவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பளிக்குச் சூடு போடத் தெரியாது, தடுக்கத்தான் தெரியும். பிரிட்டனில் உல்கூல் என்ற நிறுவனம் ரோமத் திண்டுகளைக் கொண்டு உணவுக்கும் மருந்துக்கும் பெட்டி செய்கிறது. ஆடையாக நெய்ய உதவாத முரட்டு ரோமம் அங்கே ஏராளம். கத்தரிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டுப்படியாகாத வருஷங்கள் உண்டு.

எடையையும் மறந்துவிடக் கூடாது. நம் 12 டின் பெட்டிக்குச் சுமார் 18 லிட்டர் வெப்பக் காப்பு தேவை. உள்ளே இருக்கும் பீரைவிட மூன்று மடங்கு இடம். தெர்மாகோலில் செய்தால் 400 கிராம்கூட வராது. காளான் பலகையில் 2 கிலோவைத் தாண்டும். அந்த எடையைச் சுமக்க லாரி டீசல் எரிக்கத்தான் வேண்டும். தெர்மாகோலை வில்லனாக்கிக் கதையை முடிக்க முடியாதது இதனால்தான்.

பெட்டிக்குள் போடும் நீல ஜெல் பைகளில் மந்திரம் எதுவும் இல்லை. குழந்தைகளின் டயப்பரில் ஈரம் உறிஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் சிறிதும், மீதியெல்லாம் தண்ணீரும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது விழுங்கும் 334 கிலோஜூல் வெப்பத்தில் ஜெல் ஒன்றையும் கூட்டிவிடாது. உறுதியான பையில் வெறும் தண்ணீரை உறையவைத்து அனுப்பலாம். பெறுபவர் அதைச் செடிக்கு ஊற்றலாம். உறைந்துவிட்டாலே வீணாகிப்போகும் சில தடுப்பூசிகளை இப்படி ஐஸோடு ஒட்டி வைக்க முடியாது. பீருக்கு அந்தக் கவலை குறைவு. ஆல்கஹால் இருப்பதால் அது உறைவது பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே. உலர்பனி மட்டும் வேண்டாம். அது மைனஸ் 78 டிகிரி, டின்களை உறையவைத்துப் பிளந்துவிடும்.

டஸ்கனி கப்பல் நான்கு மாதம் தாக்குப்பிடித்ததும் நம் பெட்டி ஒரு நாளில் தோற்றதும் வெறும் பொருளின் தரத்தால் மட்டுமல்ல. வெப்பம் நுழைவது மேற்பரப்பு வழியாக. குளிர் தங்குவது கன அளவில். உருவம் பெரிதாகப் பெரிதாக, கன அளவு கூடும் வேகத்துக்கு மேற்பரப்பு ஈடுகொடுக்காது. 180 டன் ஐஸின் நடுவயிற்றுக்குச் சேதி போய்ச் சேரவே வாரங்கள் ஆகும். எட்டுப் பேருடைய டஜன் டின்களை ஒரே பெட்டியில், அதே 4 சென்டிமீட்டர் சுவரோடு அடைத்துப் பாருங்கள். பீர் எட்டு மடங்கு. உள்ளே நுழையும் வெப்பமோ நான்கு மடங்குகூட ஆகாது. ஒரு டின்னுக்கு ஆகும் ஐஸ் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். புதுப் பலகை எதுவும் கண்டுபிடிக்காமலே கிடைக்கும் லாபம் இது. ஒரு தெருவுக்கோ ஓர் அலுவலகத்துக்கோ மொத்தமாக ஒரே பெட்டி போனால், அதைக் காலி செய்து திருப்பியும் அனுப்பலாம். அதற்குத் தடையாக நிற்பது வெப்பவியல் இல்லை, வாசலுக்கு வாசல் தனித்தனியாக வந்து இறங்க வேண்டும் என்ற பழக்கம்தான்.

விவரமான ஆலைக்காரர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். வியாழன், வெள்ளியில் சரக்கு அனுப்புவதில்லை. திங்கள் காலை அனுப்பினால் வார இறுதியில் கூரியர் கிடங்கில் பெட்டி இரண்டு நாள் சும்மா கிடந்து வேகாது. நம் கணக்குப்படி 5 கிலோவுக்கு மேல் ஐஸ் மிச்சம்.