கிரீன் லேனிங்

கிரீன் லேனிங் என்பது இங்கிலாந்திலும் வேல்சிலும் தார் போடப்படாத பழைய பொதுப் பாதைகளில் மோட்டார் வண்டி ஓட்டிச் செல்லும் பொழுதுபோக்கு ஆகும். ஜீப் போன்ற வண்டிகளிலும் மோட்டார் சைக்கிளிலும் இவ்வாறு செல்கின்றனர். மோட்டார் சைக்கிளில் செல்வதை டிரெயில் ரைடிங் என்றும் அழைப்பர். இக்கட்டுரை மோட்டார் சைக்கிள் ஓட்டத்தைப் பற்றியது.

இது பந்தயம் அன்று. நேரக் கணக்கோ பரிசோ இல்லை. நண்பர்கள் நான்கைந்து பேர் விடுமுறை நாளில் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவதே இதன் வழக்கமான வடிவம். ஓட்டப்படும் பாதை, மண்ணும் சேறுமாக இருந்தாலும், சட்டப்படி ஒரு சாலை. அந்தச் சட்ட உரிமை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருவதே இப்பொழுதுபோக்கின் முதன்மைச் சிக்கல்.

பெயர்

கிரீன் லேன் என்பது சட்டச் சொல் அன்று. இருபுறமும் வேலியோ கற்சுவரோ இருக்க, நடுவில் புல் முளைத்த வண்டிப்பாதையைக் குறிக்கும் பேச்சு வழக்கு இது. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு பாதைகளில் ஒன்றில் மோட்டார் சைக்கிள் செல்லலாம், மற்றொன்றில் சென்றால் குற்றமாகலாம். எனவே ஓட்டுபவர் பாதையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது. வரைபடத்தையும் உள்ளாட்சி ஆவணங்களையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலைகளுக்குத் தார் போடும் வழக்கம் பரவும்வரை நாட்டுப்புறச் சாலைகள் பெரும்பாலும் மண்சாலைகளாகவே இருந்தன. வேல்சிலிருந்து இங்கிலாந்துச் சந்தைகளுக்கு மாடுகளை ஓட்டிச் சென்ற வழிகள், பொதிக்குதிரைகள் சென்ற மலைவழிகள், ரோமானியர் காலச் சாலைகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். போக்குவரத்து மிகுந்தவை தார்ச்சாலைகளாயின. எஞ்சியவை பழைய நிலையிலேயே நின்றன.

தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் இத்தகைய சாலைகளில்தான் ஓடின. 1913இல் முதலாவது சர்வதேச ஆறு நாள் சோதனைப் போட்டி கார்லைல் நகரை மையமாகக் கொண்டு நடந்தது. 1924இல் சரே மாவட்டத்தின் கேம்பர்லியில் நடந்த போட்டியிலிருந்து ஸ்கிராம்பிளிங் என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. அதுவே பின்னர் மோட்டோகிராஸ் ஆனது. இப்பந்தயங்கள் தனியார் நிலங்களுக்குள் ஒதுங்கின. பழைய பாதைகளில் பொழுதுபோக்காகச் செல்வது தனி வழியில் வளர்ந்தது. 1968இல் வெளிவந்த யமஹா டிடி-1 போன்ற வண்டிகள் சாலையிலும் மண்பாதையிலும் ஓடக்கூடியவையாக இருந்ததால் சாதாரண ஓட்டுநர்களும் இதில் ஈடுபட்டனர். 1970இல் டிரெயில் ரைடர்ஸ் ஃபெல்லோஷிப் என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது.

சட்ட நிலை

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு பகுதியின் பொதுவழிகளையும் பதியும் அதிகாரப்பூர்வ வரைபடம் தயாரிக்கப்பட்டது. இன்று பொதுவழிகள் நான்கு வகைப்படும். வழிகாட்டிக் கம்பங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் உண்டு.

நடைபாதை: மஞ்சள். நடப்பவர்களுக்கு மட்டும்.
குதிரைப்பாதை: நீலம். நடப்பவர்கள், குதிரையில் செல்வோர், மிதிவண்டியில் செல்வோர்.
வரையறுக்கப்பட்ட பாதை: கத்தரிப்பூ நிறம். மேற்கண்டவர்களுடன் குதிரை வண்டிகளும் செல்லலாம். மோட்டார் வண்டி கூடாது.
அனைத்துப் போக்குவரத்துக்கும் திறந்த பாதை: சிவப்பு. மோட்டார் வண்டியும் செல்லலாம்.

கடைசி வகை, இங்கிலாந்தின் பொதுவழிகளின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. இவற்றைத் தவிர, உள்ளாட்சி பராமரிக்கும் தார் போடாத சிறு சாலைகள் சிலவற்றிலும் ஓட்டலாம்.

முன்பு, குதிரை வண்டி சென்றதற்குப் பழைய சான்று இருந்தால் அப்பாதையில் மோட்டார் உரிமையும் உண்டு எனக் கொள்ளப்பட்டது. 2006ஆம் ஆண்டின் இயற்கைச் சூழல், ஊரகச் சமூகங்கள் சட்டம் இதை மாற்றியது. வரைபடத்தில் மோட்டார் உரிமையுடன் பதியப்படாத பாதைகளில் அவ்வுரிமை, சில விலக்குகள் தவிர, ஒரே நாளில் நீங்கியது. இங்கிலாந்தில் அந்த நாள் 2006 மே 2. வேல்சில் அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

பாதை ஒரு சாலை என்பதால் சாலைச் சட்டங்கள் முழுமையாகப் பொருந்தும். பதிவெண், காப்பீடு, ஓட்டுநர் உரிமம், தகுதிச் சான்று ஆகியவை தேவை. 1973 முதல் தலைக்கவசம் கட்டாயம். பாதையை விட்டு விலகி வயலிலோ புல்வெளியிலோ ஏறினால் குற்றம். பிறருக்குத் தொல்லை தரும்படி ஓட்டும் வண்டியைப் பறிமுதல் செய்ய 2002ஆம் ஆண்டுச் சட்டம் காவல்துறைக்கு அதிகாரம் அளிக்கிறது.

வண்டியும் உடையும்

250 சிசி முதல் 450 சிசி வரையிலான, எடை குறைந்த, உயரமான வண்டிகளே மிகுதியாகப் பயன்படுகின்றன. சேற்றில் விழுந்த வண்டியை ஒருவரே தூக்கி நிறுத்த வேண்டியிருப்பதால் திறனைவிட எடையே முதன்மையானது. கட்டைகள் எழும்பிய டயர்களில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 15 பவுண்டு வரை குறைத்து வைக்கப்படும். இதனால் டயர் அகன்று பரவி மண்ணைப் பற்றும். அழுத்தம் குறைந்த டயர் சக்கர விளிம்பில் வழுக்கித் திரும்பினால் டியூபின் வால்வு பிய்ந்துவிடும். அதைத் தடுக்க ரிம் லாக் என்னும் பிடிப்பான் பொருத்தப்படுகிறது. பாதை மிகுதியாகக் கிளறப்படாமலிருக்க, கட்டைகளின் உயரம் 13 மில்லிமீட்டருக்கு மேற்படாத டயர்களைப் பலர் தேர்ந்தெடுக்கின்றனர்.

முழங்கால் வரை வரும் கெட்டியான காலணி, முழங்கால் காப்பு, மார்புக் காப்பு, கண்ணாடி ஆகியவை வழக்கமான உடை. குழுவில் ஒருவராவது டயர் நெம்பிகள், மாற்று டியூப், காற்றுப் பம்ப், ஸ்பார்க் பிளக், இழுவைக் கயிறு, முதலுதவிப் பொருள்கள் ஆகியவற்றைச் சுமந்து செல்வார்.

ஒரு நாள் ஓட்டம்

பாதை முன்னதாகவே 1:25,000 அளவு வரைபடத்தில் குறிக்கப்படும். சிறிய வண்டிகளின் தொட்டி பெரும்பாலும் 10 லிட்டருக்கும் குறைவு என்பதால் பெட்ரோல் நிலையங்கள் எங்கே என்பதும் திட்டத்தில் இடம்பெறும். ஆறு பேருக்கு மேற்படாமல் செல்வது வழக்கம். அதற்கு மேற்பட்டால் குழு இரண்டாகப் பிரியும்.

குழுவைச் சிதறாமல் வைத்திருப்பதற்கு ஓர் எளிய முறை உண்டு. வழி தெரிந்தவர் முன்னால் செல்வார். அனுபவம் உள்ள மற்றொருவர் கடைசியில் வருவார். இருவரும் நாள் முழுவதும் இடம் மாறுவதில்லை. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டாவதாக வருபவர் நின்று, பின்வருவோருக்குத் திரும்ப வேண்டிய திசையைக் காட்டுவார். கடைசி ஆள் வந்து சேர்ந்தபின், அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் வேறொருவர் நிற்பார். இதனால் மெதுவாக ஓட்டுபவரும் தன் வேகத்தில் வரலாம். நிற்பவர் பொறுமையிழந்து நகர்ந்துவிட்டால் முறை முழுவதும் குலைந்துவிடும். பின்னால் விழுந்து கிடப்பவரை யாரும் தேடி வர மாட்டார்கள். ஆகவே எவ்வளவு நேரமானாலும் கடைசி ஆள் வரும்வரை நகரக்கூடாது என்பதே இதன் ஒரே விதி.

குதிரை எதிரே வந்தால் ஓரமாக நின்று எஞ்சினை அணைத்து, குதிரை கடந்து சென்றபின்பே கிளம்ப வேண்டும். நடப்பவர்களிடம் பின்னால் இன்னும் எத்தனை வண்டிகள் வருகின்றன என்று சொல்வது மரியாதை. கால்நடை வேலிகளின் கதவுகளை இருந்தபடியே விட்டுச் செல்ல வேண்டும்.

கரடான இடங்களில் ஃபுட்ரெஸ்ட் மீது எழுந்து நின்று ஓட்டுவர். அப்போது முழங்கால்கள் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சக்கரங்கள் பறித்த பள்ளத்தில் செல்லும்போது முன்சக்கரத்தைப் பார்க்காமல் தொலைவில் பார்க்க வேண்டும். ஓடையைக் கடக்குமுன் ஒருவர் இறங்கி நடந்து ஆழம் பார்ப்பார். நீர் ஏர் ஃபில்டரை எட்டினால் எஞ்சினுக்குள் புகும். நீரை அமுக்க இயலாது என்பதால், அந்நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். மூழ்கிய வண்டியை வெளியே இழுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நீர் முழுவதும் வெளியேறும்வரை எஞ்சினைச் சுழற்றியபின்பே கிளப்ப வேண்டும்.

கால் முறிவு, தோள்பட்டை எலும்பு முறிவு போன்ற காயங்கள் நேர்வதுண்டு. மலைப் பள்ளத்தாக்குகளில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காமல் போகலாம். அங்கு ஒருவர் காயமடைந்தவருடன் இருக்க, மற்றொருவர் தொடர்பு கிடைக்கும் இடம்வரை சென்று 999 எண்ணை அழைத்து வரைபடக் கட்ட எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும். தனியாகச் செல்வதை அனுபவசாலிகள் தவிர்ப்பதற்கு இதுவே காரணம்.

சர்ச்சைகள்

மண் அரிப்பு, ஒலி, அமைதிக் குலைவு ஆகியவற்றைக் காட்டி, இப்பாதைகளில் மோட்டார் வண்டிகளைத் தடை செய்ய வேண்டும் என நடைப்பயணிகளும் குதிரையேற்றம் செய்வோரும் உள்ளூர்வாசிகளும் கோருகின்றனர். ஓட்டுநர் அமைப்புகள், உழவு வண்டிகளும் வடிகால் பராமரிப்பின்மையும் பாதைகளைக் கெடுக்கின்றன என்றும், பெரும்பான்மைப் பொதுவழிகளில் மோட்டார் வண்டி ஏற்கெனவே இல்லை என்றும் வாதிடுகின்றன.

2006ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் பூங்கா ஆணையங்களுக்கும் போக்குவரத்துத் தடை விதிக்கும் அதிகாரத்தை வழங்கியது. பீக் டிஸ்டிரிக்ட் பூங்காவில் ஸ்டானேஜ் அருகிலுள்ள லாங் காஸ்வே, சேப்பல் கேட் ஆகிய பாதைகள் அவ்வாறு மோட்டார் வண்டிகளுக்கு மூடப்பட்டன. தொன்மையான ரிட்ஜ்வே பாதையின் சில பகுதிகளில் குளிர்காலத் தடை உண்டு. இராணுவப் பயிற்சி நிலமான சால்ஸ்பரி சமவெளியில் பல பாதைகள் இன்னும் திறந்துள்ளன. எனினும் சுடுதல் பயிற்சியின்போது செங்கொடி பறக்கும் பகுதிகளுக்குள் நுழையக்கூடாது.

பதிவெண் இல்லாத வண்டிகளில் சட்டவிரோதமாகப் புல்வெளிகளைக் கிளறுவோரும், விதிப்படி ஓட்டுவோரும் பொதுமக்கள் பார்வையில் வேறுபடுவதில்லை. முந்தையோர் மீதான புகார்களும் பாதையை மூடக் கோருவதற்குக் காரணமாகின்றன. இதனால் டிரெயில் ரைடர்ஸ் ஃபெல்லோஷிப் போன்ற அமைப்புகள் நீதிமன்றத்தில் தடைகளை எதிர்ப்பதோடு, ஒலி குறைந்த சைலன்சர், சிறு குழு, மழைக்காலத்தில் ஊறிய பாதைகளைத் தவிர்த்தல் ஆகியவற்றை உறுப்பினர்களிடம் வலியுறுத்துகின்றன. சேதமடைந்த பாதைகளைச் செப்பனிடும் பணிகளிலும் அவற்றின் உறுப்பினர்கள் பங்கேற்கின்றனர்.