வேப்பிலைக் கூட்டத்தில் ஒரு புத்தகக் கடை

நான் பெரியபாளையத்தில் வசிக்கும் இல்லத்தரசி. 2022-ல் என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி பக்கம் பார்த்து வந்த காண்டிராக்ட் வேலை நின்றுபோனது. பெண் ப்ளஸ் ஒன், பையன் எட்டாவது. கையில் இருந்தது சீட்டுப் பணம் ஆறாயிரம். இட்லிக் கடை போடலாம் என்றால், எங்கள் தெருவிலேயே ஏற்கெனவே மூன்று இருக்கிறது!

"புத்தகம் விக்கப் போறேன்" என்றதும் மாமியார், "சரஸ்வதியைப் போய்க் கூவி விக்கிறதா? அத யாரு வாங்குவா?" என்றார்.

தெம்பு கொடுத்தது என் பழைய தமிழ் டீச்சர்தான். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1987-ல் 'லேண்ட்மார்க்' என்ற பெரிய புத்தகக் கடையைத் தொடங்கிய ஹேமு ராமையாவைப் பற்றிச் சொன்னார். ஒரு நட்சத்திர ஓட்டலில் இருந்த புத்தகக் கடையில் விற்பனையாளராக வேலை பார்த்து, தொழிலைப் பழகிக்கொண்டு, அப்புறம்தான் அவர் சொந்தக் கடை வைத்தாராம். 2005-ல் டாடா குழுமமே அதில் பெரும்பங்கை வாங்கியது. இன்று அந்தக் கடை இல்லை. அது வேறு கதை. "நீயும் முதல்ல ஒரு கடையில போய் நில்லுடி. அப்புறம் பணத்தை எடு" என்றார் டீச்சர்.

சீட்டுப் பணத்தைத் தொடாமல், திருவள்ளூரில் ஒரு புத்தகக் கடையில் நான்கு மாதம் வேலைக்கு நின்றேன். சம்பளம் பஸ்ஸுக்கும் டீக்கும்தான் சரியாக இருந்தது. ஆனால் பெரியவர் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். "வித்ததை எழுதாட்டியும் பரவாயில்லம்மா. யாராவது கேட்டு, நம்மகிட்ட இல்லேன்னு சொன்னோம் பாரு, அதை எழுதி வை." கொள்முதல் கணக்கும் அங்கேதான் பிடிபட்டது. மொத்தமாக எடுத்தால் நூற்றுக்கு 25-லிருந்து 35 வரை கழிவு தருவார்கள். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். கழிவைவிட இதுதான் முக்கியம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதும் அங்கே போய்த்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் பவானி அம்மன் கோயிலுக்கு ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். வேப்பிலை கட்டிக்கொண்டு, மொட்டை போட்டு, பொங்கல் வைத்து... தெரிந்த வளையல் கடை அக்காவிடம் தினவாடகை பேசி, கடை வாசலில் ஒரு டேபிள் போட்டேன். பாரிமுனையில் வாங்கி வந்த அம்மன் பாட்டுப் புத்தகம், பஞ்சாங்கம், கோலப் புத்தகம் எல்லாம் வைத்தேன். முதல் ஞாயிறு 1,840 ரூபாய்க்கு விற்றது. வயதானவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "பெரிய எழுத்துல இருக்காம்மா?"

அன்று இரவு 'இல்லை' நோட்டைப் புரட்டினேன். நாலு பெண்கள் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தார்கள். கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிற பிள்ளைகள். குரூப் 4 தேர்வு எழுத ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் பாடப் புத்தகம் வேண்டுமாம். நல்ல வழி கிடைத்ததே என்று மறுநாளே பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளத்தில் பழைய பாடப் புத்தகங்களைச் செட் செட்டாக வாங்கி வந்தேன். (1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில்தான் இடம் கொடுத்தார்கள். பேரம் பேசாமல் வாங்காதீர்கள்!) கூட்டம் ஆடியோடும் ஆவணியோடும் குறைந்துவிடும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வருஷம் முழுக்க வருகிறார்கள். ஷிப்டு முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி, "அக்கா, எட்டாவது சமூக அறிவியல் வந்துச்சா?" என்று கேட்பார்கள்.

இப்போது வீட்டுத் திண்ணைதான் கடை. செலவு போக மாதம் நாலாயிரத்துக்குக் குறையாது, ஆடியில் இரண்டு பங்கு. பெண்ணின் காலேஜ் பீஸில் பாதி இதில்தான் கட்டுகிறேன். வெளியூருக்கு மாறிப்போன பிள்ளைகள் போனில் கேட்டால் தபாலில் அனுப்புகிறேன். பாடப் புத்தகம் போன்றவற்றை அனுப்ப அஞ்சல் துறை 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்ற சேவையைத் தொடங்கியிருக்கிறது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. எந்தெந்தப் புத்தகத்துக்குப் பொருந்தும் என்று தபால் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் மட்டும் வியாபாரம் படுத்துவிடும். சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுக்கும்போது என் திண்ணைக்கு யார் வருவார்கள்? அந்த மாதம் இருப்பை எண்ணி, போகாத புத்தகங்களைத் திருப்பி அனுப்புவேன். "அந்த அம்மன் தாலாட்டை மட்டும் அனுப்பிடாதே, எனக்கு வேணும்" என்கிறார் மாமியார்.

என் 'இல்லை' நோட்டில் இன்னும் அடிக்காமல் இருப்பது ஒன்று உண்டு. பேரப் பிள்ளைகளுக்குப் பாட்டிகள் கண்ணாடி இல்லாமல் படித்துக் காட்டுகிற மாதிரி, பெரிய எழுத்தில், ஐம்பது ரூபாய்க்குள் கதைப் புத்தகம். எங்கே கிடைக்கும் என்று தெரிந்த தோழிகள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, பெரியபாளையம்.