கடைசியில் ஒட்ட வேண்டிய இறப்பர்

பலாங்கொடைப் பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் காலை வெயில் சுள்ளென்று காயும். பின்னேரம் இடியோடு மழை இறங்கும். பக்கத்து இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் மடிக்கும் துணிக் கூரை, அதாவது ஹூட் உள்ள பழைய காரை வைத்திருப்பவருக்கு மழைதான் எதிரி என்று தோன்றும். முன்கண்ணாடியின் மூலையில் ஒரு சொட்டு கசிந்தால் போதும், கடைக்கு ஓடி, இருப்பதிலேயே தடித்த இறப்பர் பீடிங்கை வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். அடுத்த மழைக்கும் ஒழுகுகிறது. அதைவிடத் தடித்ததைத் தேடுகிறார்கள். வேலை செய்யும் வரிசையில்தான் பிழை இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஏற்கெனவே நன்றாகப் பொருந்திய இரண்டு விளிம்புகளுக்கு நடுவே மெல்ல நசுங்கிக் கிடப்பதே பீடிங்கின் தொழில். விளிம்புகள் பொருந்தாத இடத்தில் எந்த இறப்பரும் உதவாது.

ஒரு கூரைக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். இலங்கையில் பழைய காரின் கதையே வேறு. பிரித்தானியாவில் மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்டது. அதன் துணிக் கூரை வகை 1969இலேயே நின்றுவிட்டது. இங்கே 1977க்கு முன் இறக்குமதி இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. மறுபடியும் 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதியது வராத நாட்டில் பழையதைப் பழுதுபார்த்தே ஓட்டினார்கள். 1990களில் மைனருக்கான தகரப் பாகங்களை இங்கேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பும் அளவுக்கு அந்தக் கைத்திறன் வளர்ந்தது. அப்படிக் காப்பாற்றிய வண்டி ஒரு முழம் இறப்பரைத் தவறாக ஒட்டியதால் அடித்தளம் அரித்துப் போவது மனதைச் சுடுகிறது.

அரிப்பு நடக்கும் விதத்தைப் பார்த்தால் வரிசை ஏன் முக்கியம் என்பது விளங்கும். தகரக் கூரையுள்ள காரில் கூரையும் பாரம் தாங்குகிறது. துணிக் கூரைக் காரில் அந்த வேலை முழுவதும் அடித்தளத்தின் மேலும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகரத்தின் மேலும் விழுகிறது. ஒழுகிய தண்ணீர் விரிப்புக்கு அடியில் தேங்குகிறது; இந்த ஈரக் காற்றில் அது காய நாளாகும். துரு முதலில் பிடிப்பது அந்தப் பெட்டித் தகரத்தைத்தான். அது தளர்ந்தால் உடல் நடுவில் தொய்யும். கதவின் பின்விளிம்பு இடைவெளி மேலே குறுகிக் கீழே விரியும். ஹூட்டின் முன்சட்டமும் முன்கண்ணாடிச் சட்டமும் ஒரே கோட்டில் நில்லாமல் போகும். ஒழுக்கு துருவைத் தந்தது, துரு கோணலைத் தந்தது, கோணல் புதிய ஒழுக்கைத் தருகிறது. இந்தச் சுற்றின் நடுவே தடித்த பீடிங்கைத் திணித்தால் கதவு அறைந்தால்தான் சாத்தும். பூட்டும் கீலும் தேயும். எனவே முதலில் டிங்கர் வேலை, பிறகு கதவுக் கீல், அதன் பின் கண்ணாடி, அடுத்து ஹூட்டின் கம்பிச் சட்டம். இத்தனையும் முடிந்த பிறகே இறப்பரைக் கையில் எடுக்க வேண்டும்.

எடுத்த பிறகும் அவசரம் கூடாது. பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, பீடிங்கை முதலில் பசையில்லாமல் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே குழாய்போல் வெறுமையாக இருக்கும் வகை, ஹூட்டைக் கொளுவியதும் தன் உயரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நசுங்கினால் போதும். வளைவில் அழகாகப் படியட்டும் என்று இழுத்து ஒட்டுவதுதான் எங்கும் காணும் தவறு. இழுத்த இறப்பர் சில வாரங்களில் தன் நீளத்துக்குத் திரும்பிவிடும். மூலையில் விரல் நுழையும் சந்து விழும். வெட்டும்போது நாலைந்து மில்லிமீற்றர் கூடுதலாக விட்டு, நெருக்கித் தள்ளி ஒட்டுவதே சரி. இரண்டு பக்கமும் பசை பூசிக் காயவிட்டு ஒட்டும் வேலைக்கு மழை நாள் ஆகாது. பசையிலுள்ள திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் பனிபோல் படியும், பிடிமானம் போய்விடும். பலாங்கொடைக்குக் காலை வெயிலே உகந்த நேரம்.

இறப்பர் மரம் நிற்கும் சப்ரகமுவவில் இருந்துகொண்டு செயற்கை இறப்பரை ஏன் வாங்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. 1876இல் பிரேசில் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்ததிலிருந்து இந்தப் பால் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. கிழியாத உறுதியில் இயற்கை இறப்பரை மிஞ்சுவது கடினம். டயருக்கு அது வேண்டும். ஆனால் அதன் மூலக்கூற்றுச் சங்கிலி நெடுகிலும் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்கி அறுக்கிறது. இழுபட்ட நிலையில் இருந்தால் இழுப்புக்குக் குறுக்காகக் கீறல் கீறலாக வெடிக்கும். 1960களில் பரவத் தொடங்கிய ஈபிடிஎம் என்ற செயற்கை இறப்பரின் முதுகெலும்பில் அந்தப் பிணைப்பு இல்லை. வெயிலையும் மழையையும் அது பல வருடம் தாங்கும். ஆனால் கிரீஸும் எஞ்சின் ஒயிலும் பட்டால் அதுவும் ஊதிப்போகும். நம்முடைய பொருளைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. காருக்குள்ளேயே அதற்குத் தகுந்த இடம் டயர்தான்.

இந்தக் கார்கள் புதிதிலேயே ஒழுகின, இப்போது என்ன முறைப்பாடு என்பாரும் உண்டு. புதிதில் ஒழுகியது உண்மைதான். அன்றைய ஒழுக்கு புதுத் தகரத்தில் விழுந்தது. இன்று ஒரு சொட்டு விழுவது அறுபது வருடத் தகரத்தில். சிலிக்கன் பசையை அப்பினால் தீருமே என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: நாளுக்கு நாலு தரம் திறந்து மூடும் மூட்டில் அப்பிய பசை உரியும், உரிந்த இடத்தில் அடுத்த பசை பிடிக்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதவுக் கண்ணாடியில் வழியும் நீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியிலுள்ள துவாரங்களால் வெளியேறுமாறுதான் கதவு செய்யப்பட்டிருக்கிறது. அந்தத் துவாரம் மண்ணால் அடைபட்டிருந்தால் ஒழுக்குப் பழி வீணாகப் பீடிங்கின் மேல் விழும். ஒரு கம்பித் துண்டால் குத்திவிட்டாலே சில வண்டிகளின் நோய் தீரும்.

வேலை சரியா என்று பார்க்கப் பிள்ளைகளின் கொப்பியில் கிழித்த ஒரு கீலம் போதும். ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு தரம் விளிம்பில் வைத்து மூடி, மெல்ல இழுக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிடிப்போடு வந்தால் நல்லது. வழுக்கி வரும் இடத்தில் சந்து, கிழியும் இடத்தில் அளவுக்கு மிஞ்சிய நசுங்கல். அதன் பிறகு தண்ணீர்க் குழாயைக் கீழிருந்து மேலாக மெதுவாகக் கொண்டுபோக, எந்த உயரத்தில் நீர் உள்ளே வருகிறது என்று தெரிந்துவிடும். நனைந்த ஹூட்டை மடித்து வைக்காமல், விரித்துக் கொளுவியபடியே காயவிட வேண்டும். மடித்துக் கிடந்து சுருங்கிய துணி முன்சட்டத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும், புதிதாக ஒட்டிய இறப்பரும் கண்ணாடிச் சட்டத்தைத் தொடாமல் நிற்கும்.