மலைச்சாலையில் கார் – 6: இறக்கத்தின் கணக்கு

புதிய காரோடு தரப்படும் பராமரிப்புக் கையேடு எல்லாவற்றையும் கிலோமீட்டரிலும் மாதத்திலும் அளக்கிறது. இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில், இத்தனை ஆயிரத்தில் பிரேக் பேட் சோதனை என்று அது வகுக்கும் அட்டவணை, பெரும்பாலும் சமவெளியில் ஓடும் வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கொல்லிமலையின் 14 நாடுகளுள், அதாவது இன்று ஊராட்சிகளாகவும் விளங்கும் மரபான ஊர்த்தொகுதிகளுள், ஒன்றான குண்டூர் நாட்டில் நிற்கும் காருக்கு அந்த அட்டவணை பாதிதான் பொருந்தும். சுற்றுலா வருபவர் ஆகாய கங்கை அருவியைப் பார்த்துவிட்டு ஒருமுறை இறங்கிப் போகிறார். மலையில் குடியிருப்பவரோ மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் மீண்டும் மீண்டும் இறங்கி ஏறுகிறார். அடிவாரத்துக் காரவள்ளிக்குச் செல்லும் பாதையில் ஒவ்வொரு முறையும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் அந்த வண்டியின் தேய்மானத்தை அளக்க, ஓடிய தூரத்தைவிட இறங்கிய முறைகளின் எண்ணிக்கையே சரியான அளவுகோலாகும்.

இதன் காரணம் வெப்பம். ஆட்களோடும் சுமையோடும் 1,500 கிலோ எடையுள்ள கார் சுமார் 900 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று கொண்டால், அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ ஒரு கோடியே 30 லட்சம் ஜூல் ஆகும். 25 டிகிரி வெப்பத்திலுள்ள தண்ணீரில் 40 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். உருளும் டயரும் எதிர்க்காற்றும் இதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ள, எஞ்சியதை எஞ்சின் ஏற்க வேண்டும் அல்லது பிரேக் ஏற்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றிய வண்டியில் இந்தக் கணக்கு இன்னும் கூடும்.

எஞ்சினை ஏற்கச் செய்வதைத்தான் ஓட்டுநர்கள் கியரில் இறக்குவது என்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இரண்டாவது அல்லது முதல் கியரில் வண்டியை விட்டால், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றும் வேலையைச் செய்ய வேண்டியிருப்பதால் வேகம் தானாகவே அடங்குகிறது. ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய வழக்கம் இன்றும் நல்ல வழிகாட்டியே. கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டுமே தவிர, வளைவின் நடுவில் கிளட்சை மிதித்து மாற்ற முற்படுவது, வண்டி மிகவும் கட்டுப்பாட்டை வேண்டும் இடத்தில் அதை அவிழ்த்து விடுவதற்குச் சமம்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை கார்புரேட்டர் காலத்தின் எச்சம். இன்றைய எரிபொருள் ஊசி அமைப்புள்ள எஞ்சின், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ அணையாமல் ஓடுவதற்காகவேனும் அது எரிபொருள் குடித்தாக வேண்டும். ஆகவே நியூட்ரலில் இறங்குபவர் பிரேக்கையும் கெடுத்து எரிபொருளையும் செலவிடுகிறார். எஞ்சினையே அணைத்துவிடுவது இதைவிடக் கொடியது. பிரேக் மிதியின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் சில மிதிகளிலேயே வலுவிழக்கும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும்.

பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் இரண்டு கேடுகள் நேர்கின்றன. அளவுமீறிச் சூடேறிய பேட் தன் பிடிப்பை இழப்பது ஒன்று. கருகிய வாடை அதன் முன்னறிவிப்பு. மற்றது கண்ணுக்குத் தெரியாதது, ஆகவே கூடுதல் அச்சத்துக்குரியது. மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 எனப்படும் தரத்தில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு அத்தரம் வகுக்கும் குறைந்தபட்ச அளவோ 155 டிகிரிதான். பழைய ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால், ஆவி எளிதில் அமுங்குவதால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. மூடுபனியும் மழையும் மிகுந்த மலையில், கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஆயிலை மாற்றிவிடுவது செலவு அல்ல. சூடேறிய பிரேக்கை அகலமான ஓரத்தில் வண்டியை நிறுத்தித் தானே ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணலாகவோ விரிசல் விடவோ கூடும்.

ஆட்டோமேடிக் கார்களில் டி நிலையிலேயே இறங்காமல் எல் நிலையையோ கையால் கியர் மாற்றும் முறையையோ பயன்படுத்த வேண்டும். மின்கார்கள் இறங்கும்போது மோட்டாரையே மின்னாக்கியாக்கி பேட்டரியை நிரப்பிக்கொள்வதால் இம்மலைக்கு இயல்பாகவே ஏற்றவை. ஆனால் மலைமேல் பேட்டரியை முழுவதும் நிரப்பிவிட்டுப் புறப்பட்டால், வரும் மின்சாரத்துக்கு இடமின்றி அந்தத் தடுப்பாற்றல் குறைந்துவிடும்.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை. ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தாமல் கைப்பிரேக்கைப் பயன்படுத்துவதும், கூலன்ட் அளவைப் புறப்படும் முன் பார்ப்பதும் போதும். குறுகிய இடத்தில் இறங்கும் வண்டியே ஒதுங்கி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதை 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள் சட்டமாகவே வகுத்தன. ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவதன் கடினத்தை அறிந்தவர்கள் எழுதிய விதி அது.

பழைய கார் வாங்கும்போது இக்கணக்கு இன்னும் கூர்மையாகிறது. மலையில் ஓடிய கார் 30,000 கிலோமீட்டர் காட்டுவதைக் கண்டு புதியதைப் போல என்று மகிழ இடமில்லை. அதன் கிளட்சும் டிஸ்க்கும் சமவெளியில் பலமடங்கு தூரம் ஓடிய வண்டியினுடையதைவிட நைந்திருக்கலாம். மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சினின் இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க் கோணியிருக்கக்கூடும். டயரின் பள்ளம் சட்டம் கோரும் 1.6 மில்லிமீட்டரை நெருங்கும்வரை காத்திருப்பது ஈரமான கொண்டை ஊசி வளைவுகளுக்கு உதவாது. பக்கச்சுவரில் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கங்களைக் கொண்டு டயரின் வயதையும் பார்க்கலாம்.

ஓட்டிப் பார்ப்பதைக் காளப்பநாயக்கன்பட்டிச் சாலையின் சமதளத்தோடு முடித்துக்கொள்ளக் கூடாது. காரவள்ளிக்கு மேலே சில வளைவுகள் ஏறி, கியரில் இறங்கி வந்தபின் நான்கு சக்கரங்களின் அருகிலும், தொடாமல், கையைக் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிட வேண்டும். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சூடாக இருப்பது இயல்பே. இடதுக்கும் வலதுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால், ஒரு பக்கத்துக் காலிப்பர் இறுகிப்போய் பேட்டை விடாமல் பிடித்திருக்கிறது என்று கொண்டு, அதைச் சரிசெய்யும் செலவை விலையிலிருந்து கழித்த பிறகே பேரத்தைத் தொடரலாம்.