பழைய பஸ்ஸில் சாப்பாட்டுக் கடை: அடுப்புக்கு எது மலிவு?

2021 ஜூன் மாதம், ஓடித் தேய்ந்து கழிக்கப்பட்ட இ.போ.ச. பஸ் வண்டிகள் பல நெடுந்தீவுக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டன. மீன்கள் ஒதுங்கிப் பெருகட்டும் என்பதே அதன் நோக்கம். கழிக்கப்பட்ட பஸ்ஸுக்கும் ஒரு பயன் உண்டு என்பதை அது காட்டியது. நமது பகுதிகளில் இன்னொரு பயனைக் காண்கிறோம். என்ஜினைக் கழற்றிய பஸ்ஸைத் தெருவோரக் காணியில் நிறுத்தி, ஆசனங்களைப் பிடுங்கி, பலகை அடித்து, சாப்பாட்டுக் கடையாக்குகிறார்கள்.

இறக்கக்கண்டியைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அப்படி ஒரு பஸ்ஸுக்கு விலை பேசியிருக்கிறார். மீன்பிடியில் சேர்த்த பணம்தான் முதல். திருகோணமலை - புல்மோட்டை வீதியோரம் குடும்பத்துக் காணித்துண்டு ஒன்று இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் வரும் உல்லாசப் பிரயாணிகள், ஆண்டு முழுவதும் அவ்வீதியால் போகும் லொறிக்காரர்கள், ஊர் மக்கள் ஆகியோரை நம்பிக் கடை போடப் பார்க்கிறார். பராட்டா, கொத்துரொட்டி, மீன் பொரியல், பிளேன்டீ, நோன்பு காலத்தில் கஞ்சி. அவர் நம்மிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அடுப்புக்கு எதைப் போட்டால் கட்டுப்படியாகும்? கேஸா, விறகா, மண்ணெண்ணெயா, கரண்டா?"

சிறிய கேள்வி போலத் தெரியும். ஆனால் சாப்பாட்டுக் கடையில் மாவுக்கும் மீனுக்கும் அடுத்தபடி நாளாந்தம் பணம் போகும் வழி அடுப்புத்தான். 2022இல் கடையை மூடிய எத்தனையோ சிறிய உணவகக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கிலோ விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்

நம்மவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு, விறகு ஒரு கிலோ என்ன விலை, கேஸ் ஒரு கிலோ என்ன விலை என்று ஒப்பிடுவது. நாம் வாங்குவது விறகையோ கேஸையோ அல்ல. சட்டிக்குள் போய்ச் சேரும் சூட்டையே வாங்குகிறோம். ஆகவே எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்துப் பார்க்க வேண்டும். மின்சாரக் கட்டணச் சீட்டில் வரும் 'அலகு' அதற்கு நல்ல அளவுகோல்.

ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 12.8 அலகு சூடு இருக்கிறது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் 10 அலகுக்குச் சற்றுக் குறைவு. நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 அலகு. ஆனால் இவை முழுவதும் சட்டிக்குப் போவதில்லை. சாதாரண கேஸ் அடுப்பில் பாதியளவும், மண்ணெண்ணெய் அடுப்பில் பத்தில் நான்கு பங்கும் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று கல் வைத்து எரிக்கும் திறந்த அடுப்பில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். மிச்சம் காற்றோடு போகிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் 160 அலகு. சட்டிக்குச் சேர்வது 80. சிலிண்டரின் விலையை 80ஆல் பிரித்தால் பயன்படும் ஓர் அலகின் உண்மை விலை வந்துவிடும். மண்ணெண்ணெய் என்றால் லீற்றர் விலையை 4ஆல் பிரியுங்கள். திறந்த விறகடுப்பு என்றால் கிலோ விலையை இரண்டால் பெருக்குங்கள்.

உதாரணத்துக்கு, 2024 ஜூலையில் கொழும்பில் லிட்ரோ சிலிண்டர் 3,690 ரூபா. பயன்படும் அலகு ஒன்று 46 ரூபா ஆகிறது. விறகு கிலோ 20 ரூபா என்று வைத்தால் திறந்த அடுப்பில் 40 ரூபா. 'விறகு சும்மா மாதிரி' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வித்தியாசம் 6 ரூபாதான்.

அதுவும் காய்ந்த விறகுக்குத்தான். வாடைக்காற்றோடு மாரி மழை தொடங்கினால் விறகு நனைந்துவிடும். பாதி எடை தண்ணீராக இருக்கும் பச்சை விறகில் கிலோவுக்கு 2 அலகு சொச்சமே இருக்கும். அதே 20 ரூபா விறகு அப்போது பயன்படும் அலகுக்கு 80 ரூபாவைத் தொட்டுவிடும். கேஸை விடவும் அதிகம். புகையும் கண்ணெரிச்சலும் இலவசம்!

அடுப்பை மாற்றினால் கணக்கும் மாறும்

இதே விறகை நல்ல அடுப்பில் எரித்தால் கதை வேறு. நமது நாட்டிலேயே பரவலாக விற்கப்படும் 'அனகி' மண் அடுப்பு, ஒரு வாயில் விறகு வைத்து இரண்டு சட்டிகளைச் சூடாக்குவது. வீட்டுக்கு ஏற்ற அளவில் வருகிறது. கடைக்கு அதே முறையில், சட்டியின் அளவுக்குப் பொருத்தமாக, களியும் செங்கல்லும் கொண்டு பெரிதாகக் கட்டிக்கொள்ளலாம். தீ சட்டியைச் சுற்றி ஏறும்படி இடைவெளியைக் குறுக்கி, புகைபோக்கி வைத்தால் நான்கில் ஒரு பங்கு சூடு சட்டிக்குச் சேரும். அப்போது கிலோ 20 ரூபா விறகில் பயன்படும் அலகு ஒன்று 20 ரூபாதான். கேஸின் பாதியிலும் குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. களப்பு ஓரத்துக் கண்டல் மரங்களில் கை வைக்க வேண்டாம். இலங்கை தனது கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டத்தை 2015இல் அறிவித்தது. இறாலும் மீன்குஞ்சும் வளர்வது அந்த வேர்களுக்குள்தான். நாளை சட்டியில் போட வேண்டிய மீனை இன்று அடுப்பில் போடுவது வியாபாரமாகாது. தென்னை மட்டை, சிரட்டை, மர ஆலைக் கழிவு ஆகியவை போதும். அவற்றை மாரிக்கு முன்னரே வாங்கி, கிடுகுக் கூரையின் கீழ் அடுக்கி வைப்பதே பெரிய சேமிப்பு.

ஒரே எரிபொருளை நம்பியவர்கள் பட்ட பாடு

2021 ஒக்டோபர் வரை 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 1,493 ரூபா. பயன்படும் அலகு 19 ரூபா. 2022 ஏப்ரல் கடைசியில் அதே சிலிண்டர் 4,860 ரூபா. அலகு 61 ரூபா. அந்த விலைக்கும் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டியிருந்தது. கேஸ் இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் என்றிருந்தவர்களுக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. பயன்படும் அலகு 22 ரூபாவிலிருந்து 85 ரூபா. வள்ளம் ஓட்டும் நமது மீனவர்கள் அந்த அடியை மறக்கமாட்டார்கள்.

இதிலிருந்து பெறும் பாடம்: இன்றைக்கு எது மலிவு என்பதைவிட, நாளைக்கு விலை ஏறினால் உடனே வேறொன்றுக்கு மாற முடியுமா என்பதே முக்கியம். கடை போடும்போதே இரண்டு வழி வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்கு ஏற்ற அடுப்பு

எல்லாச் சமையலும் ஒரே மாதிரியான சூட்டைக் கேட்பதில்லை. கஞ்சி, கடலை, பருப்பு, இறைச்சிக்கறி ஆகியவை நின்று வேகும் சமையல். இவற்றுக்குத் திருத்திய விறகடுப்பே லாபம். ஆனால் அதை பஸ்ஸுக்குள் வைக்கக் கூடாது. பின்புறம் ஒரு சாய்ப்பு இறக்கி, கச்சான் காற்று அடிக்காதபடி மறைப்புக் கட்டி, அங்கே வைக்க வேண்டும்.

கொத்துரொட்டித் தகடு, பராட்டா, மீன் பொரியல் ஆகியவை 'இப்போது வேண்டும்' என்ற சமையல். வாடிக்கையாளர் வந்ததும் மூட்டவும், போனதும் அணைக்கவும் கேஸுக்கு நிகர் எதுவுமில்லை. விறகடுப்பு ஆளில்லாத நேரமும் எரியும். கேஸ் அப்படியல்ல. இந்த வேலைக்கு மட்டும் கேஸை ஒதுக்கினால் சிலிண்டர் இரட்டிப்பு நாள் வரலாம்.

தேநீருக்கான வெந்நீர் மூன்றாவது. 10 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 0.8 அலகு சூடு தேவை. மின்சாரக் கொதிகலனில் ஏறக்குறைய ஓர் அலகில் முடிந்துவிடும். உங்கள் கட்டணச் சீட்டில் ஓர் அலகு என்ன விலை என்று பார்த்து, கேஸ் கணக்கோடு ஒப்பிடுங்கள். முறையான மின்னிணைப்பும் தகுந்த வயரும் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். பஸ் முழுவதும் தகரம். ஒரு வயர் உரிந்தால் வண்டி முழுவதும் மின்சாரம் பாயும். நிலத்தொடுப்பும் மின்னொழுக்குத் துண்டிப்பானும் இல்லாமல் இணைப்பு எடுக்க வேண்டாம்.

கழிவு என்ஜின் ஒயிலை எரித்தால் செலவே இல்லை என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதில் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கும். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் அந்தப் புகை வரவே கூடாது.

குளிர் நாட்டிலிருந்து ஒரு பாடம்

இங்கிலாந்து போன்ற நாடுகளில் பழைய பஸ்ஸை வீடாக்கி வாழ்வோர் உண்டு. அவர்களுக்குக் கவலை பஸ்ஸைச் சூடாக்குவது. சிறிய விறகடுப்பா, டீசல் ஹீட்டரா என்று பார்ப்பதற்கு முன் அனுபவசாலிகள் முதலில் செய்வது, சுவருக்கும் கூரைக்கும் சூடு தப்பாத பொருளை வைத்து அடைப்பதுதான். தப்பும் சூட்டை நிறுத்தாமல் எந்த ஹீட்டரை வாங்கினாலும் நட்டம் என்பது அவர்களது கணக்கு.

நமக்குக் கவலை தலைகீழானது. பஸ்ஸுக்குள் சூடு வரக் கூடாது, சட்டிக்குள் இருக்க வேண்டும். ஆனால் விதி ஒன்றே. சட்டிக்கு மூடி போடுங்கள். கொதித்த நீரைப் பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிரித்தானியப் பெண்கள் கொதித்த சட்டியை வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் வைத்து மிச்சச் சமையலைத் தீயின்றி முடித்தார்கள். நோன்புக் கஞ்சிக்கும் கடலைக்கும் அந்த முறை நன்றாகப் பொருந்தும். பரிமாறும்வரை ஆவி பறக்கும் சூடு மட்டும் குறையக் கூடாது. பஸ்ஸின் கூரைக்கு வெள்ளைப் பூச்சும், அதற்கு மேல் ஒரு முழம் இடைவெளி விட்டுக் கிடுகும் போட்டால், உள்ளே இருப்பவரும் மின்விசிறியும் தப்பிக்கலாம்.

உயிரை விட மலிவு எதுவுமில்லை

பஸ் என்பது ஒரு பெட்டி. வீட்டுக் குசினிக்குப் பொறுக்கும் பிழை இங்கே பொறுக்காது. சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். யன்னல் திறந்திருந்தால் போதாது. தரை மட்டத்தில் துவாரம் இருக்க வேண்டும். சிலிண்டரை வண்டிக்கு வெளியே, கீழ்ப்புறம் காற்றோடும் கம்பிக் கூட்டுக்குள், நிமிர்த்தி வையுங்கள். 2021 கடைசியில் நாடெங்கும் நடந்த கேஸ் வெடிப்புகளை ஆராய்ந்த குழு, எரிவாயுக் கலவை மாற்றப்பட்டதைக் காரணமாகக் காட்டியது. ஆகவே குழாய், ரெகுலேட்டர் ஆகியவற்றில் மலிவு தேட வேண்டாம். சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்ப்பதை வாராந்தப் பழக்கமாக்குங்கள். பழைய டீசல் தாங்கியை முற்றாகக் கழற்றிவிடுங்கள். ஒரு தீயணைப்புக் கருவி வாசலருகே இருக்கட்டும்.

இரவில் வேலைப் பையன்கள் பஸ்ஸுக்குள்ளேயே படுப்பதுண்டு. கரியோ விறகோ தணலாக உள்ளே இருக்க, கண்ணாடிகளை மூடிப் படுத்தால் வாசனையற்ற நச்சுவாயு நிறைந்து உறக்கத்திலேயே உயிர் போகும். வேலைக்கு வைத்த பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை மறக்க வேண்டாம்.

பதினைந்து நாள் கொப்பி

கடைசியாக ஒரு யோசனை. கடை தொடங்கியதும் பதினைந்து நாளைக்கு ஒரு கொப்பி போடுங்கள். காலையும் இரவும் சிலிண்டரைத் தராசில் வையுங்கள். வெற்றுச் சிலிண்டரின் நிறை அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், மிச்சம் எவ்வளவு என்பது தெரியும். விறகையும் நிறுத்து எழுதுங்கள். அன்றைய விற்பனையையும் பக்கத்தில் எழுதுங்கள். நூறு ரூபா விற்க அடுப்புக்கு எத்தனை ரூபா போனது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸுக்குப் பணம் கட்டும் முன்னர் பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பேசிக்கொள்வதும் நல்லது.

அந்தச் சகோதரருக்கு நமது பதில் இதுதான்: வெளியே நல்ல விறகடுப்பு ஒன்று, உள்ளே கொத்துக்கும் பொரியலுக்கும் மட்டும் கேஸ், தேநீருக்குக் கரண்டும் பிளாஸ்கும். மண்ணெண்ணெய் அவசரத்துக்கு மட்டும். பஸ்ஸின் விலையில் பத்தாயிரம் குறைக்கப் பேரம் பேசுகிறோம். ஆனால் மூடியில்லாத சட்டியில் ஆண்டுக்கு அதைவிடக் கூடுதலாக ஆவியாக்கிவிடுகிறோம். வீண்விரயத்தை மார்க்கம் தடுத்திருப்பது கல்யாண வீட்டுக்கு மட்டுமல்ல, கடை அடுப்புக்கும்தான். கணக்கோடு தொடங்கும் ஹலாலான தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.