லங்காவியில் வேலையா? பெட்டி கட்டுமுன் தெரிந்துகொள்ளுங்கள்

சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லங்காவியிலிருந்து வேலை வரும்போது வீட்டில் சொல்லும் முதல் வார்த்தை, "இதுவும் கெடாதானே, நினைத்தால் வந்துவிடலாம்" என்பதுதான். மாநிலம் ஒன்றுதான். ஆனால் நடுவே கடல் கிடக்கிறது. ராத்திரியில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தால், விடிந்து முதல் பெர்ரி புறப்படும்வரை குவா படகுத்துறையில் காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே வெளியூருக்குக் குடிபோகும் கவனத்தோடுதான் கிளம்ப வேண்டும்.

1987 ஜனவரி 1 முதல் லங்காவி தீர்வையற்ற தீவு. 2007இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா அங்கீகாரமும் கிடைத்தது. மீனும் நெல்லும் ரப்பரும் இருந்த இடத்தில் ஹோட்டல்கள் எழுந்தன. அறை சுத்தம், சமையலறை, வரவேற்பு மேசை, சலவை, படகுச் சவாரி, கடை என்று வேலைகள் இருக்கின்றன. அவற்றை ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு.

முதலில், கூரை

தோட்டத்து லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. தோட்டம் விற்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்கள் சட்டிபானையோடு வெளியே வந்ததை நம் குடும்பங்களில் பலர் கண்ணால் கண்டிருக்கிறார்கள். முதலாளி தரும் ஹாஸ்டலும் அதே வகைதான். வேலையும் கூரையும் ஒரே கையில் இருக்கின்றன.

ஹாஸ்டல் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிய ஊரில் அது பெரிய உதவி. ஆனால் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: வாடகைக்கும் தண்ணீர், மின்சாரத்துக்கும் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், ஓர் அறையில் எத்தனை பேர், வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்.

இதில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் முதலில் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டுமே இருந்தது. 2019இல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்ற துறைகளுக்கும் விரிந்தது. ஆளுக்கொரு கட்டில், குறைந்தது 4 அங்குலக் கனமுள்ள மெத்தை, தலையணை, போர்வை, பூட்டுப்போடும் அலமாரி என்று விதி அளந்தே சொல்கிறது. முதல் நாள் அறைக்குள் போனதும் மெத்தையை அழுத்திப் பாருங்கள், அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்பது உங்கள் உரிமை. குறை தீரவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

சம்பளமும் சர்வீஸ் பாயிண்டும்

குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 ரிங்கிட். 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதலும், மற்ற எல்லா இடங்களிலும் 2025 ஆகஸ்ட் 1 முதலும் இது நடப்பில் இருக்கிறது.

ஹோட்டலில் இதோடு 'சர்வீஸ் பாயிண்ட்' என்று ஒன்று சேரும். விருந்தினர் கட்டும் சேவைக் கட்டணத்தை ஒன்றாகத் திரட்டி, ஊழியர்களுக்குப் புள்ளிக் கணக்கில் பிரிப்பார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு அடிப்படைச் சம்பளத்தை நிரப்பிக் குறைந்தபட்சக் கணக்கைக் காட்டக் கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே "மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பேசிக் எவ்வளவு?" என்று தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சர்வீஸ் பாயிண்ட் பணத்துக்கு ஊழியர் சேமநிதி பிடிக்கமாட்டார்கள். பள்ளி விடுமுறையிலும் டிசம்பரிலும் அந்தத் தொகை ஏறும். செப்டம்பர், அக்டோபர் மழையில் ஆள் வரத்துக் குறைந்தால் இறங்கும். ஏறிய மாதத்தை நம்பி மோட்டார் சைக்கிள் தவணை எடுத்தவர்கள், இறங்கிய மாதத்தில் திண்டாடுகிறார்கள். கடன் வாங்குவதென்றால் பேசிக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தீபாவளிக்கு வீடு

தனியார் வேலையில் ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகளைச் சம்பளத்தோடு தர வேண்டும் என்கிறது வேலைச் சட்டம். அவற்றில் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய 5 கட்டாயம். மற்ற 6 எவை என்பதை முதலாளி தேர்ந்தெடுக்கலாம். தீபாவளி அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆண்டு தொடங்கும் முன்பே பட்டியலை வேலை இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதும் சட்டம். அறிவிப்புப் பலகைக்குப் போய்த் தீபாவளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் அன்று வேலைக்குக் கூப்பிட்டால், மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவருக்கு, விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இன்னும் 2 நாள் சம்பளம் சேரும்.

வீடு வர இரண்டு நாள் ஓய்வாவது சேர்ந்தாற்போல் வேண்டும். கோலா கெடாவுக்குப் பெர்ரியில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். அங்கிருந்து அலோர்ஸ்டார் வந்து, ரயிலில் சுங்கைப்பட்டாணி. கோலா பெர்லிஸ் வழியில் கடல் நேரம் குறைவு, தரைப்பயணம் கூடுதல். கடல் கொந்தளித்தால் இரண்டும் நிற்கும். மாத ஓய்வு நாள்களைச் சேர்த்தெடுக்க விடுவார்களா என்று சேரும்முன்பே பேசிவிடுங்கள்.

அங்கே வாழ்க்கை

தீவுக்குள் மோட்டார் சைக்கிள் இல்லாமல் முடியாது. 'கேவி' எண் போட்ட தீர்வையற்ற வண்டி விலை குறைவு. ஆனால் சுங்க இலாகா அனுமதி இல்லாமல் அதைக் கரைக்குக் கொண்டுவர முடியாது. சாக்லெட்டும் மதுவும் மலிவு. காய்கறியும் மளிகையும் படகேறி வருவதால் அவை மலிவல்ல. மலிவு மது நம் தோட்டத்துக் குடும்பங்களை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். தனிமையும் சம்பள நாளும் சேரும் மாலையில்தான் கவனம் வேண்டும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நல்ல செய்தி, சுங்கை ராயாவில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. மருத்துவத்துக்கு சுல்தானா மலிஹா மருத்துவமனை. பெரிய சிகிச்சைக்கு அலோர்ஸ்டார் போக வேண்டிவரலாம். போன முதல் வாரமே பள்ளிக்கூடத்தையும் கோயிலையும் தேடிப் போய் நாலு பேரிடம் முகம் காட்டிவிடுங்கள். அவசரத்துக்கு வண்டி எடுத்து வருபவர் அங்கேதான் கிடைப்பார்.

கரையில் ஒரு வீடு

மாதம் 5,000 ரிங்கிட்டுக்குக் கீழ் வாங்கினால், சேமநிதியில் நீங்கள் 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் போட வேண்டும். 2024 மே முதல் அந்தப் பணம் மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. எந்நேரமும் எடுக்கக்கூடிய 10 விழுக்காட்டில் கை வைப்பது சுலபம், வைக்காதீர்கள். 15 விழுக்காடு சேரும் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். லயத்தில் இருந்த தாத்தா பாட்டிக்கு வேலை போன அன்று கூரையும் போயிற்று. தீவில் வேலை பாருங்கள், ஹாஸ்டலில் தங்குங்கள், ஆனால் வேலை போனாலும் போகாத வீடு ஒன்று கரையில் உங்கள் பெயரில் எழும்பட்டும்.