தாத்தா காலில் ஒரு குழி

வா கண்ணு, பக்கத்தில் உட்கார். வீட்டில் மாம்பழம் இருக்கிறதா? நன்றாகப் பழுத்ததாக ஒன்று எடுத்துக்கொள். கட்டை விரலால் மெல்ல அமுக்கு. விரலை எடு. குழி அப்படியே நிற்கிறதா? இப்போது உன் கன்னத்தை அமுக்கிப் பார். விரலை எடுத்த உடனே கன்னம் பழையபடி ஆகிவிடும்.

போன சித்திரையில் எங்கள் வீட்டுத் தாத்தாவின் கால் மாம்பழம் மாதிரி ஆகிவிட்டது.

தாத்தா கோவில்பட்டியில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். காலை 6 மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி 9 ஆகும். உயரமான ஸ்டூல். கால் இரண்டும் தொங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். வார் பட்ட இடம் பள்ளமாகவும், அதன் இரண்டு பக்கமும் உப்பலாகவும் இருந்தது. கணுக்கால் மொழியைக் காணவே காணோம்!

நான் விரலால் அமுக்கிப் பார்த்தேன். குழி விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். இருபது வரை எண்ணியும் குழி மூடவில்லை.

"கால்ல நீர் கோத்திருக்கு. காலையில டாக்டர்கிட்ட போவோம்" என்றேன்.

"ஒண்ணுமில்ல, சும்மா இரு. படுத்து எந்திரிச்சா வடிஞ்சிரும்" என்றார்.

வேடிக்கை என்ன தெரியுமா? காலையில் நிஜமாகவே வடிந்திருந்தது. "பாத்தியா!" என்று காலை ஆட்டிக் காட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் மறுபடி குழி.

"அது ஏன் ஆச்சி சாயங்காலம் மட்டும்?" என்று என் பேரன் கேட்டான். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். நீயும் இதைத்தான் கேட்க நினைத்தாய், இல்லையா? சமத்து! வா, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்.

நம் உடம்பில் தந்துகி என்று மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. பள்ளியில் கடைசி மணி அடித்ததும் எல்லாரும் ஓடுவீர்கள். ஆனால் சின்னக் கதவு வந்தால் ஒவ்வொருவராகத்தானே நுழைய வேண்டும்? தந்துகியில் ரத்தச் சிவப்பணுக்கள் அப்படித்தான் வரிசையில் போகும். இடம் அவ்வளவு குறுகல்.

அந்தக் குழாயின் சுவர் மண்பானை மாதிரி. பானைக்குள் தண்ணீர் ஊற்றினால் வெளிப்புறம் ஈரம் கசியும். தந்துகியிலிருந்தும் தண்ணீர் கசியும். சர்க்கரை, உப்பு, ஆக்சிஜன் எல்லாம் அதன் வழியாகத்தான் செல்களுக்குப் போய்ச் சேர்கின்றன. அதனால் கசிவது தப்பே இல்லை. கசியாவிட்டால்தான் செல்கள் பட்டினி!

ஆனால் எல்லாத் தண்ணீரும் வெளியே ஓடிவிட்டால்? அதைப் பிடித்து வைக்க ஓர் ஆள் இருக்கிறது. ஆல்புமின் என்ற புரதம். நம் கல்லீரல் செய்து அனுப்புகிறது. பெரிய உருவம், சுவரின் சின்ன இடுக்கில் நுழைய முடியாது. உள்ளேயே இருந்துகொண்டு தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டால் தண்ணீரை உள்ளே இழுத்து உப்புமே, அந்த மாதிரி. தள்ளுவது ரத்த அழுத்தம், இழுப்பது ஆல்புமின். இந்த இழுபறியை 1896இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி எடுத்துச் சொன்னார்.

அப்படியும் வெளியே தங்கிவிட்ட தண்ணீரை நிணநீர்க் குழாய்கள் பெருக்கி எடுத்து மறுபடி ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். யானைக்கால் நோய் கேள்விப்பட்டிருக்கிறாயா? கொசு கடிக்கும்போது வரும் நூல் போன்ற புழு, இந்தக் குழாய்களுக்குள் குடியேறிக் கெடுத்துவிடும். பெருக்க ஆள் இல்லாத தெரு மாதிரி கால் ஆகிவிடும். அந்தப் புழுக் குஞ்சுகள் கொசுவுக்குள் வளர்வதை 1877இல் சீனாவில் இருந்த டாக்டர் பாட்ரிக் மான்சன் கண்டுபிடித்தார். குஞ்சுகள் நடு ராத்திரியில்தான் அதிகமாக ரத்தத்தில் உலவும். அதனால்தான் யானைக்கால் சோதனைக்கு ராத்திரியில் வீடு தேடி வந்து விரலில் ஊசி குத்துகிறார்கள்.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் மண்பானைப் பக்கம் ஒரு தடவை போய் வா. நான் காத்திருக்கிறேன்.

தாத்தாவுக்கு நான் இப்படியெல்லாம் சொன்னால் கேட்பாரா? மாட்டார். கடைக்காரரிடம் கடை மொழியில் பேச வேண்டும். "உங்க கால் ஒரு குடோன். சரக்கு வந்து இறங்கிட்டே இருக்கு. வெளிய போறது குறைஞ்சிருச்சு" என்றேன்.

"அப்போ ஸ்டாக் தேங்கியிருக்குங்கற" என்றார். முதல் தடவையாகக் காலைக் குனிந்து பார்த்தார்.

இப்போது சாயங்காலக் கேள்விக்கு வருவோம். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கீழ் வீட்டுக் குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கொட்டும்! மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் கீழே அழுத்துகிறது. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குச் சிரை என்று பெயர். நீ நிற்கும்போது கால் சிரைகளில் இருக்கும் ரத்தமும் அப்படித்தான். பெரியவர் ஒருவர் அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறும். தொங்கப்போட்டு உட்கார்ந்தாலும் பாரம் இருக்கத்தான் செய்யும். அழுத்தம் ஏற ஏறக் கசிவும் ஏறும். ராத்திரி படுத்தால் தொட்டியும் குழாயும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். தேங்கியது வடியும். காலையில் தாத்தா "பாத்தியா!" என்பார்.

நடந்தால் என்ன ஆகும்? கெண்டைக்கால் சதை இறுகித் தளரும். இறுகும்போது சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். தளரும்போது அது திரும்பி விழாதா? விழாது! சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. மேலே போகத் திறக்கும், கீழே வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். அதனால் நடக்கும்போது கணுக்கால் அழுத்தம் 30க்கும் கீழே இறங்கிவிடும். வெறும் நடைக்கு இவ்வளவு பலன்!

அந்தக் கதவை நீயே பார்க்கலாம். மெலிந்த கை உள்ள ஒரு தாத்தாவையோ பாட்டியையோ கேட்டுக்கொள். அவர் கையைக் கொஞ்ச நேரம் தொங்கப்போடட்டும். புறங்கையில் பச்சையாக நரம்பு புடைக்கும். நரம்பு என்று நாம் சொன்னாலும் அது சிரைதான். விரல் பக்கம் அதை ஒரு விரலால் அமுக்கிக்கொள். இன்னொரு விரலால் மணிக்கட்டுப் பக்கமாக மெல்ல வழித்துவிட்டு, வழித்த விரலை எடு. சிரை காலியாகவே கிடக்கும்! மேலே போன ரத்தம் கதவைத் தாண்டித் திரும்பி வர முடியவில்லை. இப்போது முதல் விரலை எடு. கீழிருந்து சட்டென்று நிரம்பும். முதல் தடவை வராவிட்டால் வேறு சிரையில் செய்து பார்.

வில்லியம் ஹார்வி 1628இல் எழுதிய புத்தகத்தில் கிட்டத்தட்ட இதே சோதனை படத்தோடு இருக்கிறது. ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று அவர் காட்டிய சாட்சிகளில் இதுவும் ஒன்று. கதவுகளைப் பற்றி 1603இலேயே நூல் எழுதியவர் அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ். ஆனால் கதவு எதற்கு என்று சரியாகச் சொன்னது மாணவர்தான். உன் டீச்சரிடம் இதைச் சொல்லிப் பார். கோபிக்க மாட்டார்!

ஒட்டகச்சிவிங்கியை நினைத்துப் பார். எவ்வளவு உயரம்! கால் வீங்கி வெடிக்க வேண்டுமே? வீங்குவதில்லை. அதன் கால் தோல் தடித்து, இறுக்கமாக, சாக்ஸ் போட்ட மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது. விண்வெளி வீரர்களுக்கோ நேர் எதிர். பாரம் தெரியாத இடம் அது. காலில் இருக்கும் நீர் மேலே ஏறி, முகம் உப்பிக் கால் மெலிந்துவிடும்.

சரி, தாத்தாவிடம் வருவோம். அவரிடம் மூன்று பிடிவாதங்கள்.

ஒன்று, மோர் மிளகாய். ஒரு வேளைக்கு நாலு. கூடவே ஊறுகாய், அப்பளம். உப்பு, தண்ணீரைத் தன்னோடு தங்க வைக்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். நம் உடம்பும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் தண்ணீரை வைத்துக்கொள்ளும். கூடுதலாக 9 கிராம் உப்பு தங்கினால், ஒரு லிட்டர் தண்ணீரும் தங்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேரன் கடைத் தராசில் 5 கிராம் நிறுத்துத் தாத்தாவின் உள்ளங்கையில் கொட்டினான். தாத்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா? நாள் பூராவுக்குமா?" என்றார்.

இரண்டு, பக்கத்துக் கடைக்காரர் சொன்ன நீர் மாத்திரை. "அவருக்கு வடிஞ்சிருச்சு, எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார். நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். அந்த மாத்திரைகளில் பல, தண்ணீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். அது ரொம்பக் குறைந்தால் இதயம் தாளம் தப்பும். ஒருவர் மாத்திரை இன்னொருவருக்கு ஆகாது, கண்ணு.

மூன்றாவதுதான் பெரியது. டாக்டரிடம் வரமாட்டேன் என்பது. நான் திட்டினேன். இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். 34 வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள், வீட்டில் ஒருவரிடம் தோற்றுப்போனேன்!

ஜெயித்தது என் பேரன். தையல் பெட்டியிலிருந்து இஞ்சி டேப்பை எடுத்தான். தாத்தாவின் கணுக்கால் மொழிக்கு மேலே இரண்டு விரல் தள்ளிப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தான். காலையும் ராத்திரியும் அதே இடத்தில் அளந்து, தினசரி காலண்டர் தாளில் சென்டிமீட்டரில் எழுதினான். 23, 25. 23, 25.5. 23.5, 26.

தாத்தா எண் என்றால் விடமாட்டார். பத்தாம் நாள் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு, "காலை பாக்கியும் ஏறுதே!" என்றார். மறுநாள் அவரே சட்டையைப் போட்டுக்கொண்டு, "டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டார்.

டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். சிறுநீர், ரத்தம், ஈசிஜி எல்லாம் பார்த்தார். ஏன் தெரியுமா? இதயம் தளர்ந்தாலும் கால் வீங்கும். சிறுநீரகம் ஆல்புமினை ஒழுகவிட்டாலும் வீங்கும். கல்லீரல் அதைச் செய்யாவிட்டாலும் வீங்கும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே குழிதான்.

தாத்தாவுக்கு அதெல்லாம் நன்றாக இருந்தது. கடைசியில் டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன் ரத்த அழுத்தத்துக்குத் தொடங்கிய அம்லோடிபின். நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்குக் கால் வீங்கும். பள்ளியின் முன்கதவை அகலமாகத் திறந்துவிட்டு, பின்கதவை அப்படியே வைத்தால் நடுவில் கூட்டம் நெரியுமே, அந்த மாதிரி. ரத்தம் தந்துகிக்குள் வரும் வழி விரிகிறது, போகும் வழி அந்த அளவுக்கு விரிவதில்லை. கசிவு கூடுகிறது. இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது என்றும் டாக்டர் சொன்னார். நான் தாத்தாவைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். நாமாக எதையும் நிறுத்தியிருந்தால் ரத்த அழுத்தம் எகிறியிருக்கும்.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள். வீட்டில் யாருக்காவது ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, டேப் எடுத்து அளந்துகொண்டிருக்கக் கூடாது. உடனே பெரியவர்களிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

இப்போது கல்லாவுக்குக் கீழே ஒரு காலி எண்ணெய் டின் இருக்கிறது. தாத்தா அதன் மேல் காலை நீட்டி வைத்துக்கொள்கிறார். அரை மணிக்கு ஒரு தடவை குடோன் வரை நடந்துவிட்டு வருகிறார். மோர் மிளகாய் நாலிலிருந்து ஒன்றாகிவிட்டது. அந்த ஒன்றை மட்டும் விடமாட்டாராம். நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தோம். ராத்திரி காலண்டரில் தாத்தாவே 23 என்று எழுதியிருந்தார். பேரனுக்குச் சந்தேகம். "நீங்களா அளந்தீங்க தாத்தா? டேப்பை இறுக்கிப் பிடிச்சீங்களா?"

"சேச்சே!" என்றார் தாத்தா.

பேரன் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான். பேனாப் புள்ளியைச் சுற்றி, டேப்பின் அகலத்துக்கு, வளையம் போட்ட மாதிரி ஒரு பள்ளம். அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாத்தாவின் காலைப் பார்த்தபடி சத்தமாக எண்ணத் தொடங்கினான். "ஒண்ணு… ரெண்டு… மூணு…"